கேட்காமல் கொடுத்த மோட்டார்

இப்போதெல்லாம் ஒருத்தன் செத்துப்போனால் அவனுக்கு நல்லவன் பட்டம் கிடைக்க அரை மணி நேரம்கூட ஆவதில்லை என்பது சமுத்திரத்தின் கோபம். உயிரோடு இருக்கையில் எதிரே கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன்கூட, செல்போனில் அவன் படத்தைப் போட்டு, பக்கத்தில் அழுகிற பொம்மை ஒன்றையும் போட்டுவிட்டு, அந்தக் கையோடு புரோட்டா தின்னப் போய்விடுகிறான். ஜெய்னுலாப்தீன் செத்ததற்கும் அப்படித்தான் நடந்தது. சேத்தூர் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் வைத்தார்கள். 'விவசாயிகளின் விடிவெள்ளி' என்று எழுதியிருப்பதாக டீக்கடைப் பொன்னுராஜ் வாசித்துச் சொன்னான். சமுத்திரம் ரெண்டாம் வகுப்போடு மாடு பத்தப் போனவர்; எழுத்துக் கூட்ட வராது. ஆனால் படம் பார்க்கத் தெரியும். பாய்க்கு இல்லாத தலைமுடியைக் கம்ப்யூட்டரில் வைத்து, கோட்டு வேறு மாட்டிவிட்டிருந்தார்கள்.

"கோட்டப் போட்டுக்கிட்டா அவன் கெணத்துக்குள்ள எறங்குனான்?" என்றார் சமுத்திரம். "கீழ பத்துப் பேரு மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்கானுகளே, இதுல எத்தன பேரு குழி வரைக்கும் வந்து மண்ணு போட்டான்?"

"நீரு மட்டும் என்னவாம்?" என்றான் பொன்னுராஜ், கிளாசைக் கழுவிக்கொண்டே. "ஆறு வருசமா இந்த பெஞ்சுல உக்காந்து, பாய் என் மோட்டார வித்துத் தின்னுட்டான்னு சொல்லிக்கிட்டிருந்தது நீருதான?"

"சொன்னேன். இப்பவும் சொல்லுதேன். செத்துட்டா வித்தது இல்லன்னு ஆயிருமா?"

"அப்பொறம் எதுக்குவே மண்ணு போடப் போனீரு?"

சமுத்திரம் டீயில் சீனி குறைவு என்றார்.

ஜெய்னுலாப்தீனுக்கு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் கடை, வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது தொழில். காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கினால், கருகின கம்பியை உளியால் வெட்டி இழுத்துப் போட்டு, புதுக் கம்பியைச் சுற்றிச் சொருகி, வார்னிஷ் ஊற்றி, மோட்டாரின் வயிற்றுக்குள் பெரிய குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் காயவைப்பார். சந்துக்குள் நுழையும்போதே வார்னிஷ் நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். ஒரு மோட்டாருக்கு மூன்று நாள் ஆகும். வெயில் காலத்தில் வேலை குவிந்தால் பத்து நாளும் ஆகும். பத்து நாள் கிணறு ஓடாவிட்டால் பயிர் என்னத்துக்கு ஆகும்? மற்றக் கடைக்காரர்கள் வரிசைப்படிதான் வரும் என்று சொல்லிவிடுவார்கள். பாய் மட்டும் மூலையில் கிடக்கிற பழைய மோட்டார் ஒன்றைத் தூக்கி டிவிஎஸ் பிப்டியின் கேரியரில் வைத்துக் கட்டுவார்.

"இத மாட்டி ஓட்டும் அண்ணாச்சி. ஒம்மது ரெடியானதும் மாத்திக்கிடலாம்" என்பார். வாடகை என்று ஒருவரிடமும் வாங்கியதில்லை.

கிணற்றுக்குள் மோட்டாரை இறக்க வடம் பிடிக்க ஆள் வேண்டும். சேத்தூர், தேவதானம், சோழபுரம் பக்கம் எந்தக் கிணறானாலும் அந்த ஆள் சமுத்திரம்தான். அது தொடங்கியது முப்பது வருஷத்துக்கு முன்னால். சமுத்திரம் களத்தில் நெல்லை அடித்துக் குவித்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. போர்த்துவதற்குச் சாக்கைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வழியாகக் காயில் கட்டி முடித்த மோட்டார் ஒன்றைத் தார்ப்பாயில் பொதிந்து சைக்கிளில் கொண்டுபோன யாரோ ஒரு பாய், சைக்கிளை நிறுத்தி, தார்ப்பாயை உருவி நெல்லின்மேல் விரித்தார். மோட்டார் நனைந்தது. கட்டின காயிலைப் பிய்த்துப் போட்டு மறுபடி முதலில் இருந்து கட்டினாராம். அது பிறகு தெரிந்த சங்கதி.

அன்றைக்குச் சமுத்திரம் கும்பிடவில்லை. இவன் நம்மிடம் என்னமோ எதிர்பார்க்கிறான் என்றுதான் நினைத்தார். எதிர்பார்ப்பது எது என்று தெரிந்துகொள்ளத்தான் கூடவே போனார், வடம் பிடித்தார், ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றார். பாய் கேட்கிற நாள் வரும் வரும் என்று இருபத்தைந்து வருஷம் காத்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் அந்த மோட்டார் விவகாரம் வந்தது. சரி, இதுதான் அது என்று சமுத்திரம் முடிவு கட்டிவிட்டார்.

அவருடைய மோட்டார் அஞ்சு எச்.பி. இரும்பு உடம்பு, முழுக்கச் செம்புக் கம்பி. எரிந்துபோய்க் கடையில் போடும்போதே, அதன் காலில் அரத்தால் மூன்று வெட்டுப் போட்டுத்தான் கொடுத்தார். "எதுக்கு அண்ணாச்சி இது?" என்று பாய் கேட்டதற்கு, "ஒன் மேல நம்பிக்கை இல்ல" என்று நேராகவே சொன்னார். பாய் சிரித்தார். மாற்றாக ஒரு மூணு எச்.பி. மோட்டாரை மாட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் சமுத்திரம் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து கேட்டபோது, "இது ஓடுதுல்லா, ஓடட்டுமே" என்றார் பாய். அடுத்த மாதம் கேட்டபோதும் அதுதான். அடுத்த வருஷமும் அதுதான். அஞ்சில் ரெண்டு மணி நேரத்தில் பாய்கிற வயலுக்கு மூணில் மூன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் கரண்டு போய்விடும். கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் எட்டுவதே இல்லை.

செம்பு என்ன விலை விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் டீக்கடையில் அவர் சொன்னதை ஒருவரும் மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை.

பாய் தை மாதத்தில் ஒரு காலைநேரம், கையில் கம்பிச் சுற்றோடு, உட்கார்ந்திருந்த முக்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

*

மாசி பிறந்து பத்து நாள் கழித்து அவர் மகன் முகமது ரியாஸ் சமுத்திரத்தின் வயலுக்கே தேடி வந்தான். ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வெள்ளைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஒரு காலும் சகதியில் ஒரு காலுமாக வந்தான். நெல் பால் பிடிக்கிற பருவம். கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கி ஒரு வாரமாகிவிட்டது. இனி கிணறு இறைத்தால்தான் உண்டு. சமுத்திரம் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார். மலைப்பக்கமிருந்து வறண்ட காற்று வீசியது.

"மாமா, அத்தாவுக்கு நாப்பதாம் நாள் வர்ற வெள்ளிக்கெழம" என்றான் ரியாஸ். "அதுக்குள்ள அடுத்தவங்க பொருள எல்லாம் அவங்கவங்ககிட்ட ஒப்படைச்சிரணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்காங்க. கடையையும் காலி பண்ணணும். ஒம்போது மோட்டார் கெடக்கு. எது யாருதுன்னு தெரியல."

"போன் போட்டுக் கேக்க வேண்டியதான?"

"கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுதாங்க. 'எங்க கெணத்துல ஓடுறது பாய் குடுத்தது, எங்களுது கடையில கெடக்கும்'ங்காங்க. கடைக்கு வந்து பாத்துட்டு, 'இதுல எங்களுது இல்லையே'ங்காங்க."

சமுத்திரம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கூட இருந்து பார்த்தவருக்கு விளங்காதா? ஒருத்தனுடைய மோட்டார் ரெடியாகிக் கிடக்கும். அவன் கிணற்றில்தான் மாற்று மோட்டார் ஓடுகிறதே, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருப்பான். அதற்குள் இன்னொருத்தன், மோட்டார் எரிந்துவிட்டது, வாழை சாய்கிறது என்று வந்து நிற்பான். பாய் முதல் ஆளின் மோட்டாரைத் தூக்கி இரண்டாவது ஆளிடம் கொடுத்துவிடுவார். இரண்டாவது ஆளுடையது ரெடியாகும்போது மூன்றாவது ஆள் வந்திருப்பான். இப்படியே தொத்தித் தொத்தி, இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணற்றில் அடுத்தவன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வருகிறவரைக்கும் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"எழுதி கிழுதி வைக்கலையாக்கும்?"

"அத்தா எதத்தான் எழுதி வச்சாங்க? நீங்க வந்து அடையாளம் காட்டினாத்தான் உண்டு. வேன் பிடிச்சிருக்கேன். ஒங்க மோட்டாரையும் கண்டுபிடிச்சிரலாம் மாமா."

அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் சமுத்திரம் கிளம்பினார். வீட்டில் மாரியாத்தாள் கேட்டபோதும் அதையே சொன்னார்: "ஊரானுக்காகப் போகல. என் அஞ்சு எச்.பி. வேணும். இந்த மாசம் அது இருந்தா கடைக்கோடி வயலு பொழைக்கும்."

"கெடைக்காட்டி?" என்றாள் மாரியாத்தாள்.

"கெடைக்காட்டி அவன் வித்துட்டான்னு உறுதியாப் போகும். அதுவும் நல்லதுதான்."

"கூட்டாளியக் கள்ளன்னு ருசுப்படுத்துததுல ஒமக்கு அம்புட்டு ஆசை" என்று சொல்லிவிட்டு அவள் தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டாள்.

இரண்டு நாள் அலைந்தார்கள். கிணறு கிணறாக இறங்கி, கிரீஸையும் பாசியையும் துண்டால் துடைத்து, சமுத்திரம் அடையாளம் சொன்னார். பேர் வாசிக்கத் தெரியாதே தவிர, மோட்டாரைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி. "இது நடுத்தெரு வாத்தியாருது, காலு ஒண்ணு ஒட்டுப் போட்டது." "இது செங்கச்சூளக்காரருது, பச்சப் பெயிண்டு அடிச்சு மேல நீலம் அடிச்சிருக்கான் பாரு." பல பேர், ஓடுகிறது ஓடட்டும், எதற்கு மாற்றிக்கொண்டு என்றார்கள். மாற்ற வேண்டும் என்றவர்களுக்கு மாற்றினார்கள். சோழபுரத்தில் மாரிசாமி என்பவன் வேனில் இருந்ததிலேயே புதுசான மோட்டாரைத் தொட்டு, "இதுதான் என்னுது, கண்ணுக்குள்ளயே நிக்கி" என்றான்.

"ஏலே, ஒன்னுதுல காத்தாடி மூடி ஒடஞ்சு, தகரத்த வச்சுக் கட்டியிருந்துச்சு. நான்தான் வடம் பிடிச்சேன்" என்றார் சமுத்திரம்.

"அது பழைய கதை மாமா. பாய் மூடிய மாத்திட்டாரு."

"மூடிய மாத்துனா மோட்டாரு குட்டி போட்டுருமா? கைய எடுலே."

மாரிசாமி இளித்துக்கொண்டே கையை எடுத்தான். இதுதான் ஊர் லட்சணம், பிளக்ஸில் மூன்றாவது படம் இவனுடையது என்றார் சமுத்திரம், வேன் ஏறினதும்.

மூன்று வெட்டுப் போட்ட மோட்டார் மட்டும் எங்கும் இல்லை. ரியாஸின் முகம் சுண்டிவிட்டது. அவனுக்கும் டீக்கடைப் பேச்சு தெரியும் போலிருந்தது. மூன்றாம் நாள் காலையில், "தேவதானத்துல இருளம்மாள்னு ஒரு அம்மா, அத்தா நாப்பதுக்கு எப்ப வரணும்னு கேட்டு போன் பண்ணுனாங்க. அவங்க கெணத்தையும் பாத்துருவோம்" என்றான்.

இருளம்மாள் என்றதும் சமுத்திரத்துக்கு முகம் கோணியது. புருஷனை இழந்தவள், முக்கால் ஏக்கரில் மிளகாயும் கத்தரியும் போட்டுப் பிழைக்கிறவள். அஞ்சாறு வருஷமாக அவள் போக்கே அவருக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறாள். சந்தையில் கண்டால் ஒரு கை கத்தரிக்காயைப் பையில் போட்டுவிட்டுக் காசு வாங்காமல் போகிறாள். மகள் சத்யப்பிரியா கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை பாக்கு அவருக்குத்தான் கொண்டுவந்து வைத்தாள். என்னமோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அவர் கல்யாணத்துக்கே போகவில்லை.

வேன் நிற்கவும் அவள் மிளகாய்ப் பாத்தியில் இருந்து ஓடி வந்தாள்.

"வாங்கண்ணே. ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா ஒரு கொழம்பு வச்சிருப்பனே. செத்த நேரம் இருங்க, மோரு கொண்டாரேன்."

"மோரெல்லாம் இருக்கட்டும். கெணத்தப் பாக்கணும்" என்றார்.

மோட்டார், கிணற்றுக்குள் பத்துப் படி இறங்கினால் இருக்கும் கல் மேடையில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்டதுமே சமுத்திரம் வேகமாக இறங்கினார். குனிந்து, மோட்டாரின் காலில் படிந்திருந்த அழுக்கைத் துண்டால் தேய்த்தார். ஒன்று, ரெண்டு, மூன்று. வெட்டு மூன்றும் அப்படியே இருந்தன. மேலே வந்து படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"இது எப்பிடி ஒங்கிட்ட வந்துச்சு?"

இருளம்மாள் சிரித்தாள். "என்னண்ணே இப்பிடிக் கேக்கிய? நீங்க குடுத்தது."

"நானா?"

"எங்க வீட்டுக்காரரு செத்த வருசம் மோட்டாரும் எரிஞ்சுபோச்சு. கட்ட முடியாது, இரும்புக்குத்தான் ஆகும்னுட்டாரு பாயி. செடியெல்லாம் பூவுல நிக்கி. நான் கடை வாசல்லயே உக்காந்துட்டேன். மறுநாளு இதக் கொண்டாந்து எறக்கிட்டு, 'சமுத்திரத்தண்ணாச்சி குடுத்து விட்டாரு, நீ வச்சுக்கிடு'ன்னாரு. இந்த மோட்டாருல்லா எம்பிள்ளையக் கரையேத்துச்சு. கலியாணத்துக்கு நீங்க வராததுதான் எனக்கு ஒரே கொறை."

ரியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சமுத்திரத்துக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வேறொன்றைப் பேசத் தெரியாது.

"நான் குடுக்கல" என்றார். "எனக்குத் தெரியவே தெரியாது. நான் மதுரையில கண்ணக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். எங்கிட்டக் கேக்காம அவனாக் கொண்டாந்து மாட்டியிருக்கான். கேட்டிருந்தா நான் குடுத்திருக்கவும் மாட்டேன்."

இருளம்மாள் இன்னும் சிரித்தாள். "பாயி அன்னைக்கே சொல்லிட்டாருண்ணே. 'அவருகிட்ட நன்னி கின்னின்னு போயி நிக்காத, நான் குடுக்கவே இல்லம்பாரு, கோவப்படுவாரு, அப்பிடிப்பட்ட ஆளு'ன்னாரு. அதான் நானும் வாயத் தொறக்காம இருந்தேன்."

"ஏத்தா, நெசமாத்தான் சொல்லுதேன்."

"சரிண்ணே, நீங்க குடுக்கல" என்றாள் அவள், குழந்தையிடம் சொல்வதுபோல. மோர் எடுக்கப் போய்விட்டாள்.

சமுத்திரத்துக்கு எரிச்சலாக வந்தது. எழுபது வருஷமாக ஒருத்தரிடமும் நல்ல பேர் வாங்காமல் நிம்மதியாக இருந்தவர். செத்துப்போனவன் ஒருத்தன் கட்டிவிட்டுப் போனதை அவிழ்க்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"கழத்தி மேல ஏத்துறதுக்கு ஆளுக இருக்காங்க மாமா" என்றான் ரியாஸ் மெதுவாக. "இது ஒங்க பொருளு. எடுக்கணும்னா எடுத்துருவோம். அந்தம்மாவுக்கு நான் சொல்லிப் புரிய வைக்கேன். அவங்களுக்கு மாட்டக் கடைக்குச் சொந்தமா வேற மோட்டாரு இல்ல. ஒங்க கெணத்து மூணு எச்.பி. இந்த ஆழத்துக்கு இழுக்காது."

சமுத்திரம் எழுந்து மிளகாய்ப் பாத்தியைப் பார்த்தார். செடி முழங்கால் உயரம். வெள்ளையாகப் பூ வைத்து, கீழ்க்கணுவில் பிஞ்சு இறங்கியிருந்தது. இந்த வெயிலில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் பூ அத்தனையும் உதிரும். அவருடைய கடைக்கோடி வயலும் இப்போது இதே வெயிலில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

"கெடக்கட்டும்" என்றார்.

"நெசமாவா மாமா?"

"பூவுல நிக்கிற செடிக்குத் தண்ணிய நிறுத்த எனக்குக் கை வராது. அதுக்காக நான் குடுத்தேன்னு நெனச்சிராத. வா, போவோம்."

வேனில் போகும்போது ரியாஸ் ஒரு யோசனை சொன்னான். ஒன்பதில் ஒன்று மிச்சம். நல்ல அஞ்சு எச்.பி.; யாரும் தனது என்று சொல்லவில்லை; சமுத்திரத்துக்கும் அடையாளம் தெரியவில்லை. "அத ஒங்க கெணத்துல மாட்டிக்கிடுங்க மாமா. இன்னைக்கே மாட்டிருவோம்."

"அது எவனோடது?"

"தெரியலையே."

"தெரியலன்னா கேக்க முடியாது. கேக்காம நான் எப்பிடி மாட்டுதது? ஒங்கப்பன் புத்தி ஒனக்கும் வந்துருச்சாக்கும்?"

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு. உள் அறை வாசலில் பச்சைத் திரை போட்டிருந்தது. புருஷன் போனதில் இருந்து நாலு மாதம் பத்து நாள் ரியாஸின் அம்மா மாஜிதா வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டும். முப்பது வருஷமாகச் சமுத்திரத்துக்குச் சோறு போட்ட கை, திரைக்குக் கீழே தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தது. ரியாஸ் எடுத்துக் கொடுத்தான்.

"ரியாசு எல்லாஞ் சொன்னாண்ணே" என்றது திரைக்குள் இருந்து குரல். அழுது அடைத்துப்போன குரல். "கணக்குத் தீர ஒண்ணுதான் பாக்கி. ஒங்க பொருள ஒங்ககிட்டக் கேக்காம எடுத்துக் குடுத்திருக்காவ. அதுக்கு ஒங்க பொருத்தம் வேணும். மனசு பொருந்திட்டேன்னு ஒரு வார்த்த வாயால சொல்லிருங்க. இல்லாட்டி அது அவிய மேல நிக்கும்ணே. மறுமையில பதில் சொல்லணும்."

சமுத்திரம் செம்பைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் வேண்டாம்ணே."

"ரெண்டு வருசத்துக்கு முன்ன என் கடைக்கோடி வயலு பதராப் போச்சு. பாய் வந்து வரப்புல நின்னு பாத்தான். என் அஞ்சு எச்.பி. இருந்தா இது பாஞ்சிருக்கும்வேன்னேன். 'ஆமா அண்ணாச்சி'ன்னான். அம்புட்டுத்தான். அது எங்க ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே நின்னுருக்கான். அவன் தருமம் பண்ணுனான். காஞ்சது என் வயலு."

"அன்னைக்கு அவிய சோறு திங்கல."

"தின்னாலும் திங்காட்டாலும் காஞ்சது காஞ்சதுதான்."

ரியாஸ் என்னமோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே இருந்து, "நீ சும்மா இருடா" என்ற சத்தம் வந்தது.

"எம்மக ஹஸீனா அப்ப வயித்துல எட்டு மாசம்" என்றாள். "சித்திர வெயிலு. யாரோ கடையில வேல பாத்தவன் வீட்டுல பச்சப்புள்ள வேக்காடு தாங்காம அழுவுதுன்னு, நம்ம காத்தாடியக் கழத்திக்கிட்டுப் போயிட்டாவ. எங்கிட்டக் கேக்கல. நான் ஓலை விசிறிய வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஊரு பூராம் தங்கமான மனுசன்னு சொல்லுச்சு. நானும் ஆமான்னு சொன்னேன். நீ பொருந்திட்டியான்னு எங்கிட்ட இதுவரைக்கும் யாருங் கேக்கலண்ணே."

சமுத்திரம் திரையைப் பார்த்தார். காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"சரி, நான் கேக்கேன். நீ பொருந்திட்டியா?"

"இன்னும் மூணு மாசம் இந்த அறைக்குள்ளதான இருக்கப் போறேன்" என்றாள் மாஜிதா. "யோசிச்சிச் சொல்லுதேன்."

யாரும் சிரிக்கவில்லை. தெருவில் பால் கேன் வண்டி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. சமுத்திரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நானும் அவனக் கள்ளன்னு சொல்லியிருக்கேன் தங்கச்சி. ஆறு வருசம். டீக்கடையில வச்சு, நாலு பேரு முன்னால. அவன் விக்கல. அது நான் சொன்னது தப்பு. வெள்ளிக்கெழம அதே டீக்கடையில வச்சு அதச் சொல்லிருதேன்."

"அவியளுக்குத் தெரியும்ணே. வீட்டுல வந்து சொல்லிச் சிரிப்பாவ."

"சிரிச்சானாக்கும்?"

"ஆமா. அண்ணாச்சி இன்னைக்கும் என்னையத் திட்டுனாரு, ஒடம்புக்குச் சொகமாத்தான் இருக்காரும்பாவ."

சமுத்திரம் செம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"இந்தா பாரு. மோட்டாரப் பொருந்திட்டேன். அது அந்தப் பொம்பளைக்குத்தான். இனிமே நான் கேக்க மாட்டேன், எம்புள்ளைகளும் கேக்காது. இது என் வாயால சொல்லுத வார்த்த. ரியாசு, நீ சாட்சி. ஆனா எங்கிட்டக் கேக்காததப் பொருந்தல. அத அவன்கிட்ட நானே நேர்ல கேட்டுக்கிடுதேன்."

"கேட்டிருந்தாத்தான் நீங்க குடுத்திருக்க மாட்டீங்களே மாமா" என்றான் ரியாஸ்.

"குடுத்திருக்க மாட்டேன்."

"அது தெரிஞ்சுதான அத்தா கேக்கல."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கல பாத்தியா, அதுதான் தப்பு. ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பேன். மூணாம் நாளு என்ன சொல்லியிருப்பேன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே தெரியாது."

திரைக்குப் பின்னால் இருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "மோட்டாருக்குப் போதும்ணே" என்றாள் மாஜிதா. "மிச்சத்த நீங்களும் அவியளும் பாத்துக்கிடுங்க. சாப்பிட்டுப் போங்க. அந்த மூணு எச்.பி. கடையோடது. அத நீங்களே வச்சுக்கிடணும். கேட்டுத்தான் குடுக்கேன். வாங்கிக்கிடுதியளா?"

"வாங்கிக்கிடுதேன். சோறு வேண்டாம். எங்க பக்கம் ரெண்டு மணிக்குத்தான் மோட்டாருக்குக் கரண்டு விடுவான். அந்தச் சவத்து மூணு எச்.பி.க்கு மூணர மணி நேரம் வேணும்."

வேனில் கொண்டுவந்து விடுகிறேன் என்று ரியாஸ் வாசல் வரைக்கும் வந்தான். பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சமுத்திரம் தெருவில் இறங்கினார். வெயில் உச்சியில் நின்றது. எதிரே வந்த ஒரு ஆள், "பாய் வீட்டுல இருந்தா வாரீய? அவரமாதிரி ஒரு மனுசன் இனிப் பெறக்கணும்" என்றான்.

"பெறந்தா, கேட்டுட்டுச் செய்யச் சொல்லும்" என்று நிற்காமல் சொல்லிவிட்டு, சமுத்திரம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.